யாழ்ப்பாணத்தில் வீடு மாறுதல்: ஒரு குடிபெயர்வியல் ஆய்வு

1. ஆய்வின் தேவை

கொக்குவிலில் இருந்து திருநெல்வேலிக்குச் சைக்கிளில் போகப் பத்து நிமிடம் போதும். வழியில் தெரிந்த முகம் கண்டு இறங்கிக் கதைத்தாலும் அரை மணித்தியாலத்தைத் தாண்டாது. அதே கொக்குவிலில் இருந்து அதே திருநெல்வேலிக்கு ஒரு குடும்பம் வீடு மாறுவதென்றால் ஆறு மாதம் பிடிக்கும். இந்தத் தூரத்துக்கும் இந்தக் காலத்துக்கும் இடையிலான உறவைப் பௌதிகம் விளக்கவில்லை. புவியியல் தொட்டும் பார்க்கவில்லை. அறிவுலகின் இப்பெருங்குறையை நீக்கும் பொறுப்பு, வேறெவரும் முன்வராத காரணத்தால், இக்கட்டுரை ஆசிரியரின் தலையில் விழுந்தது.

2. ஆய்வுக் களம்

குடாநாட்டில் நிலத்தைப் பரப்பில் அளப்பர். பதினெட்டுக் குழி ஒரு பரப்பு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். இது உறுதியில் எழுதப்பட்டிருக்கும் கணக்கு. நிலத்தில் எழுதப்பட்டிருக்கும் கணக்கைக் கதியால்கள் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் அயல் வளவுப் பக்கமாக ஒரு சாண் நகரும் குணம் கதியாலுக்கு இயற்கையிலேயே உண்டு. ஆகவே இங்கே வீடு அசையாச் சொத்து, வேலி அசையும் சொத்து. வீடு தேடுவோர் இதை முதல் விதியாகக் கொள்க.

களத்தின் அடுத்த சிறப்பு, பூட்டிய வீடுகள். ஒழுங்கைக்கு ஒழுங்கை அவை நிற்கின்றன. உரித்தாளிகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருப்பர். முற்றத்து மாமரம் காய்க்கும், கிணற்றில் தண்ணீர் கிடக்கும், படலையில் சங்கிலி தொங்கும். வீடே இல்லாத ஊரில் வீடு கிடைக்காமற் போவது இயல்பு. வீடுகள் ஆளில்லாமல் நிற்கும் ஊரில் கிடைக்காமற் போவதுதான் ஆய்வுக்குரிய பொருள்.

இதன் வேர் 1871ஆம் ஆண்டில் இருக்கிறது. அவ்வாண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறருடைய காணியைப் பத்து வருடம் தடையின்றித் தன்னுடையதாகவே ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். வாடகைக்கு வந்தவர் வாடகைக்காரராகவே எத்தனை வருடம் இருந்தாலும் இவ்வகையில் உரித்தாளி ஆகிவிட மாட்டார் என்று நொத்தாரிசுமார் நிதானமாக விளக்குவர். ஆனால் பயம் நொத்தாரிசுவிடம் ஆலோசனை கேட்பதில்லை. குடியிருப்பவரை எளிதில் எழுப்ப விடாத 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் சேர்ந்துகொள்ள, கடல் கடந்த உரித்தாளி ஒரு முடிவுக்கு வருகிறார்: மனிதரை இருத்துவதிலும் கறையானை இருத்துவது பாதுகாப்பு. போரினால் தமது காணிக்காக வழக்காட முடியாதிருந்தோரைக் காக்க 2016இல் தனிச் சட்டமே வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அவர்களுக்கு எதிராகக் கணக்கில் வராது. அதற்குப் பிறகும் சங்கிலிகள் கழலவில்லை.

வாடகைக்கு அலைவானேன், வாங்கிவிடலாமே என்று கேட்போர் தேசவழமையைப் படிக்காதவர்கள். ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை தொகுத்து 1707இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், காணி விற்பவர் முதலில் பங்காளிகளுக்கும் உரிமைக்காரருக்கும் சொல்ல வேண்டும் என்கிறது. 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இந்த முன்வாங்கல் உரிமைக்கு ஒழுங்கு வகுத்தது. ஒரு வளவில் எட்டிலொரு பங்கு, அதன் கிணற்றில் பதினாறிலொரு பங்கு, அந்தக் கிணற்றுக்குப் போகும் வழிவாய்க்காலில் பங்கு என்று உறுதி நீளும். பங்காளிகள் நாலு கண்டத்தில் இருப்பர். அவர்களில் ஒருவர் மற்றவருடன் கதைப்பதில்லை. வழக்காடாமல், வாடகை கொடுக்காமல் வீடு பெற யாழ்ப்பாணத்து ஆண்மகனுக்கு இருக்கும் ஒரே வழி சீதனம். அந்த வீட்டுக்கான முழு விலையையும் பெண்ணின் தகப்பன் கட்டி முடித்திருப்பதால், பொருளியலார் இதை வீடு தேடலில் சேர்ப்பதில்லை. நாமும் சேர்க்கவில்லை.

3. முறையியல்

வீடு தேடும் முறைகள் மூன்று. முதலாவது மதிலியல்: பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த ஒழுங்கைகளின் மதில்களிலும் மின்கம்பங்களிலும் ஒட்டிய அறிவித்தல்களை வாசித்தல். இவற்றில் பெரும்பாலானவை மாணவியருக்கு மட்டும் என்று முடியும். குடும்பங்களுக்கு என்று முடிவனவற்றில் தொலைபேசி இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களை மாரி மழை கரைத்திருக்கும். இரண்டாவது தரகியல்: புறோக்கர் காட்டும் முதல் மூன்று வீடுகளும் நான்காவது வீட்டை அழகாகக் காட்டுவதற்காகவே காட்டப்படுபவை. மூன்றாவது மாமியியல். அயலில் ஒரு மாமி இருப்பார். எந்த வீடு எப்போது வெறுமையாகும், ஏன் வெறுமையாகிறது, போகிறவர்கள் வாடகை பாக்கி வைத்தார்களா என்பதெல்லாம் அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியுமுன் அவருக்குத் தெரியும். மூன்றில் நம்பகமானது இதுவே. கட்டணமாகப் பணம் வாங்கமாட்டார். நம்முடைய குடும்பக் கதையை வாங்கிக்கொள்வார்.

4. வாய்மொழித் தேர்வு

வீடு கிடைத்துவிட்டது என்று எண்ணுவோர் இங்கே தவறுகின்றனர். யாழ்ப்பாணத்தில் மனிதர் வீட்டைப் பார்க்கப் போவதில்லை. வீடு மனிதரைப் பார்க்கிறது. தேர்வு விறாந்தையில், தேத்தண்ணியுடன் நடக்கும்.

“தம்பி எவடம்?”

“கோண்டாவில், ஐயா.”

“கோண்டாவிலில எவடம்?”

“ஸ்ரேசனடி.”

“ஸ்ரேசனுக்கு இந்தப் பக்கமோ, அங்காலயோ?”

“அங்கால.”

“அப்பாவும் அவடந்தானோ? அம்மா ஆக்கள்?”

“அம்மா ஆக்கள் சாவகச்சேரிப் பக்கம்.”

“எந்தக் கோயிலுக்குப் போறனியள்?”

புவியியல் கேள்விகள் என்ற பெயரில் இவை கேட்கப்படுகின்றன. ஆனால் விடையைக் குறிக்கும் வரைபடம் எந்த நில அளவைத் திணைக்களத்திலும் இல்லை. கேட்பவரின் மனத்தில் மட்டுமே இருக்கிறது. சாதியின் பெயரால் ஒருவரைப் பொது இடங்களில் தடுப்பதை 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியது. எவடம் என்று கேட்பதை எந்தச் சட்டமும் குற்றமாக்க முடியாது. அது விசாரிப்பு. உபசாரம். சீனி போதுமோ என்ற கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் அது நுழைந்து வெளியேறிவிடும். விடை பிழைத்தால் யாரும் பிழை என்று சொல்வதில்லை. “மகன் வெளிநாட்டில இருந்து வாறானாம், வீடு தேவைப்படும் போல கிடக்கு” என்று சொல்வார்கள். தோல்வியடைந்தவர்கள் எல்லோருக்காகவும் வருவதாகச் சொல்லப்பட்ட மகன்மார் அத்தனை பேரும் ஒரே நாளில் வந்திருந்தால் பலாலி விமான நிலையம் தாங்கியிராது.

தேர்வின் இரண்டாம் பாகம் சமையலறை பற்றியது. மச்சம் சமைப்பியளோ? வெள்ளிக்கிழமையிலுமோ? நாய் வளர்ப்பியளோ? பிள்ளைகள் சுவரில கீறுவினமோ? முதல் பாகத்தில் சித்தியடைந்தவருக்கு இவற்றில் சலுகை உண்டு.

5. நீரியல்

இந்தக் கட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமை முதல்முறையாக வாடகைக்காரருக்கு வருகிறது. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: கிணறு எப்படி? குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறில்லை. வழுக்கையாறு மாரிக்கு மட்டும் ஆறு. ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டும் மழையைச் சுண்ணக்கற் பாறை உறிஞ்சி, உப்புநீருக்கு மேலே மிதக்கும் நன்னீராக வைத்திருக்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே வரும். ஆகவே ஐந்து அறை, மொட்டை மாடி, மாபிள் தரை எல்லாம் இருந்து தண்ணீர் உவரென்றால் அது வீடல்ல, அழகான கொட்டகை. தீவகத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பரிசோதனை எளிது. வீட்டுக்காரர் தரும் தேத்தண்ணியை அவசரப்படாமல் குடிக்க வேண்டும். கேத்திலின் அடியில் வெள்ளைப் படை எவ்வளவு தடிப்பு என்று எட்டிப் பார்க்க வேண்டும். பருப்பு அவியுமா, சவர்க்காரம் நுரைக்குமா என்று அயல் மாமியிடம் தனியாகக் கேட்க வேண்டும். சுன்னாகப் பக்கம் என்றால் தண்ணீரை மணந்தும் பார்க்கலாம். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் அங்கே கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை ஊர் மறக்கவில்லை. கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் தாளையடியில் திறக்கப்பட்டுவிட்டது. ஆயினும் குழாய் நீர் வரும் வீட்டிலும் கிணற்றை எட்டிப் பார்த்த பிறகுதான் முற்பணம் எண்ணப்படுகிறது.

6. மரவியல்

வாடகை உடன்படிக்கையில் எழுதப்படாத பகுதி மரங்களுக்குரியது. பொது விதி: தேங்காய் வீட்டுக்காரருக்கு, மட்டை வாடகைக்காரருக்கு. முருங்கையிலை பொது, முருங்கைக்காய் தகராறு. கறுத்தக்கொழும்பான் மாமரம் நிற்குமானால் அதன் காய்களை ரொறன்ரோவில் இருக்கும் உரித்தாளி கமராவில் எண்ணிக்கொண்டிருப்பார். அணில் தின்றதற்கும் வாடகைக்காரரே பொறுப்புச் சொல்ல வேண்டும். முற்றம் கூட்டுவதும் சருகெரிப்பதும் மட்டும் முழுமையாக வாடகைக்காரரின் உரிமை.

7. காலவியல்

வீடு அமைந்தால் நாள் அமைய வேண்டும். யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கங்கள். வருடப்பிறப்பு எத்தனை மணிக்கு என்பதிலேயே உடன்படாத இவை, வீடு குடிபூரும் நேரத்தில் உடன்படும் என்று எதிர்பார்ப்பது பேராசை. ஆடி ஆகாது, மார்கழி ஆகாது. செவ்வாயும் சனியும் தள்ளுபடி. அட்டமி, நவமி, இராகு காலம், மரணயோகம் கழிய, மனைவியின் நட்சத்திரம் ஒத்துவர, கணவனுக்குக் கந்தோர் லீவு கிடைக்க, பட்டா வாகனக்காரனுக்கு ஓட்டம் இல்லாதிருக்க வேண்டும். நான்கும் கூடும் நாள் அரிது. ஆறு மாதத்தில் நான்கு மாதத்தை விழுங்குவது இந்த அத்தியாயமே.

மீறிக் குறித்த நாளில் முதலில் போவது கட்டிலோ அலுமாரியோ அல்ல. நிறைகுடம், குத்துவிளக்கு, சாமிப்படம், அரிசி, உப்பு, மஞ்சள் போகும். பால் பொங்கும். அதன் பிறகே சாமான்.

8. சுமையியல்

சாமான்களை ஏற்றும்போது ஒரு குடும்பத்தின் உண்மையான வரலாறு வெளிவருகிறது. அம்மியையும் ஆட்டுக்கல்லையும் பல வருடமாக யாரும் தொடவில்லை. மிக்சி இருக்கிறது. இருந்தும் அவற்றை விட்டுப்போக ஆச்சி சம்மதிப்பதில்லை. பட்டாவின் பாரத்தில் பாதி அந்தக் கற்களே. பரணில் இருந்து றங்குப்பெட்டி இறங்கும். அதற்குள் ஒரு ஜாம் போத்தல் விளக்கு. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயை மிச்சம் பிடித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த விளக்கு அது. எறியவும் மனமில்லை, வைக்கவும் இடமில்லை.

ஒரு பை மட்டும் பட்டாவில் ஏறாது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, சோதனைப் பெறுபேறு எல்லாம் பொலித்தீனில் சுற்றி அதற்குள் கிடக்கும். வீட்டுத் தலைவியே அதைக் கையில் கொண்டு போவார். வீடு மாறாத காலத்திலும் அது பிரித்து அடுக்கப்படாமல் கதவுக்குக் கிட்டவே தொங்கும்.

9. எதிர்ச்சான்று

நேர்மையான ஆய்வு தனக்கு எதிரான சான்றுகளையும் சொல்ல வேண்டும். ஆறு மாதக் கொள்கை இரண்டு இடத்தில் உடைகிறது. 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். சோனகதெரு வெறுமையானது. பலருக்குப் புத்தளத்து முகாம் வாழ்க்கை பத்தாண்டுகளைக் கடந்து நீண்டது. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்ரோபர் 30 அன்று, வலிகாமம் முழுவதையும் வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி கூவியது. இலட்சக்கணக்கான மக்கள் மாரி மழையில், ஒரே இரவில், நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குள் போனார்கள். எந்தப் பஞ்சாங்கமும் விரிக்கப்படவில்லை. ஆட்டுக்கல் அப்படியே கிடந்தது. கையில் இருந்தது அந்தப் பை.

அன்று தென்மராட்சியில் ஒரு வீட்டுக்குள் ஐந்து குடும்பம், பத்துக் குடும்பம் இருந்தது. விறாந்தையில் தேத்தண்ணியும் இல்லை, தேர்வும் இல்லை. கிணற்றடியில் அப்போதும் எவடம் என்று கேட்டவர்கள் உண்டு. அதையும் மறைக்க முடியாது. ஆனால் கேள்வி இல்லாமலே ஆயிரக்கணக்கான படலைகள் திறந்தன என்பது நிரூபிக்கப்பட்ட செய்தி. எமது ஆய்வின் முக்கிய முடிவு இதிலிருந்தே பிறக்கிறது: தாமதத்தின் ஒரு பாதி நியாயமானது. யாரும் கேட்காமல் எழுப்பிவிடப்பட்டவர்கள், தாமே தெரிவு செய்யக் கிடைத்த மாற்றத்தில் உப்பையும் மஞ்சளையும் நாளையும் தண்ணீரையும் ஆறுதலாகத் தெரிவு செய்கிறார்கள். அதைக் குறை சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை. மறு பாதி விறாந்தைக்குரியது. அது இல்லாமலும் ஊர் நடக்கும் என்பதை ஊரே செய்து காட்டியிருக்கிறது.

10. பரிந்துரைகள்

அ. நாள் பார்ப்பதற்கு இரண்டு பஞ்சாங்கத்தில் ஒன்றைக் குலுக்கல் முறையில் தெரிக.

ஆ. ஆட்டுக்கல்லை வீட்டோடு சேர்ந்த அசையாச் சொத்தாகச் சட்டம் அறிவிக்கட்டும். ஆச்சிமாரின் எதிர்ப்பை நீதிமன்றம் எதிர்கொள்ளட்டும்.

இ. வாய்மொழித் தேர்வில் வாடகைக்காரருக்கும் சம உரிமை வழங்குக. எவடம் என்று கேட்கப்பட்டவர் விடை சொல்லிவிட்டு, அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம்.

மூன்றாம் பரிந்துரையை உரித்தாளி வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் வாட்ஸ்அப் மூலம் பரீட்சித்துப் பார்ப்பது சாலச் சிறந்தது. “ஐயா நீங்கள் எவடம்?” என்று கேட்டால் முதலில் இணைப்புக் குறைவதுபோல் ஒரு மௌனம் வரும். பிறகு, “நாங்கள் இப்ப ஸ்காபரோ” என்பார். ஸ்காபரோவில் எவடம் என்று விடாமல் கேட்க வேண்டும். வந்த புதிதில் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்த கதையை அவரே சொல்லத் தொடங்குவார். அந்த பேஸ்மென்றைக் கொடுக்குமுன் மேல்மாடிக்காரர் முதலில் கேட்ட கேள்வி என்ன என்றும் கேட்டுவையுங்கள். மேல்மாடிக்காரரும் யாழ்ப்பாணம்தான்.