மறைமலை நகர்க் குளியலறைகளில் வாட்டர் ஹீட்டரின் அந்திமக் காலம்: ஓர் ஆய்வு முன்னோட்டம்

1. எல்லையும் பொருளும்

சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டித் துணைநகரமாகத் திட்டமிடப்பட்டு, தனித்தமிழ் இயக்கத்தின் தலைவரான மறைமலையடிகளின் (1876–1950) பெயரைத் தாங்கி நிற்கும் மறைமலை நகரில், பழுதான வாட்டர் ஹீட்டரை மாற்றும் பொருட்டு வீட்டாரிடையே நிகழும் வாதங்களைத் தொகுத்து, வகுத்து, இயன்றவரை குழப்பித் தருவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஹீட்டர் என்று ஈண்டுச் சுட்டப்படுவது, குளியலறைச் சுவரில் தொங்கிக்கொண்டு, நீல வளையமிட்ட குழாய் வழியே தண்ணீரை வாங்கி, சிவப்பு வளையமிட்ட குழாய் வழியே வெந்நீராகத் திருப்பித் தரக் கடமைப்பட்ட மின்தொட்டியாகும். தராதபோதும் அது ஹீட்டர் என்றே வழங்கப்படும்.

மே மாதத்தில் மொட்டை மாடியின் கறுப்புத் தொட்டி, ஒரு யூனிட் மின்சாரமும் கேளாமல், நண்பகலில் வீட்டின் எல்லாக் குழாய்களிலும் வெந்நீரே தருவதால், இவ்வூருக்கு ஹீட்டர் எதற்கு என்று வினவுவாரும் உளர். அவர் காலை பத்து மணிக்கு மேல் குளிப்பவர் என்க. ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ முதல் ஷிப்டுக்குப் போகவேண்டி, விடியுமுன் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பவருக்கு மார்கழித் தண்ணீர் வேறு பொருள் தரும். ஹீட்டர் எப்போதும் அந்த நேரத்திலேயே உயிர் விடுவதும், கடை திறந்திருக்கும் நேரத்தில் ஒருபோதும் விடாததும் இத்துறையின் முதற்கோட்பாடுகளாம்.

2. நோய்க்குறிகள்

வெந்நீர் வராமை. இதற்கு உரை வேண்டா.

சொட்டுதல் இருவகைப்படும். சூடேறும்போது தண்ணீர் விரிவடைவதால் பாதுகாப்பு வால்வு சில துளிகளைக் கக்குவது இயல்பு. அது நோயன்று, தொட்டி வெடியாமல் காக்கும் உபாயம். அடித்தகட்டின் வழியே சொட்டுவதோ பெரும்பாலும் உள்தொட்டி அரித்து ஓட்டையானதைக் காட்டுவது. அதற்கு மருந்தில்லை, மாற்றமே உண்டு. இவ்விரண்டையும் பகுத்தறியாமல் முன்னதற்கு வால்வை இறுக அடைப்பதும், பின்னதற்கு எம்-சீல் பூசிப் பொங்கல் வரை கடத்துவதும் வழக்கிலுள்ளன. முன்னதைச் செய்வோர் ஆபத்தானவர்; பின்னதைச் செய்வோர் சிக்கனமானவர்.

கொரகொரவென்ற ஓசை, ஹீட்டருக்குள் பல்லி விழுந்ததால் எழுவது என்பது கீழ்வீட்டார் கொள்கை. குழாயில் காற்று புகுந்ததால் என்பது மாடிவீட்டார் கொள்கை. இரண்டும் தவறு. சூடாக்கும் கம்பிச் சுருளின்மேல் படிந்த உப்புப் படலத்துக்கு அடியில் சிக்கிய தண்ணீர் கொதித்து நீராவிக் குமிழிகளாக உடைந்து வெளியேறும் ஓசையே அது.

3. காரணம்

இவ்வூர்க் குடியிருப்புகள் பலவற்றில் போர்த் தண்ணீரே ஹீட்டருக்கு உணவாகிறது. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறியதும் கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக் கல்லாக, மாறிப் படிகிறது. மற்ற உப்புகள் பல சூட்டில் கூடுதலாகக் கரைய, இது மட்டும் சூட்டில் குறைவாகக் கரையும் பிடிவாதமுடையது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமாகிய ஐ.எஸ். 10500, நீரின் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிட்டாதபோது 600 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வகுத்துள்ளது. ஆயினும் வீட்டார் நம்புவது ஆர்.ஓ. விற்க வருபவர் கையிலுள்ள டி.டி.எஸ். பேனாவை மட்டுமே. அப்பேனா, கரைந்துள்ள எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டுமேயன்றி, அதில் சுண்ணாம்பு எவ்வளவு என்று சொல்லாது.

படலம் தடித்தால் சுருளின் சூடு தண்ணீருக்குச் சென்று சேர முடியாமல் சுருளையே சுட்டெரிக்கிறது. இதற்கு மேல், தொட்டியின் எஃகை அரிப்பிலிருந்து காக்க, உள்ளே மெக்னீசியத்தால் ஆன ஆனோடு கம்பி ஒன்று வைக்கப்பட்டிருக்கும். எஃகுக்குப் பதிலாகத் தானே கரைந்து போவதே அதன் ஒரே பணி. இத்தத்துவத்தை 1824இல் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டுக்குச் செய்துகாட்டினார். செம்பு கரைவது நின்றது, கரையும் செம்பின் நஞ்சுக்கு அஞ்சி விலகியிருந்த சிப்பிகளும் பாசியும் கப்பலில் மகிழ்ச்சியாக ஒட்டிக்கொண்டன. ஆனோடு கரைந்து தீர்ந்ததும் அரிப்பு தொட்டிக்குத் திரும்புகிறது. அதை அவ்வப்போது திறந்து பார்த்து மாற்றவேண்டும் என்று கையேடு கூறும். தம் நூல்களை நூலகமாகவே சேர்த்துவைத்த அடிகளின் பெயர் கொண்ட ஊரில், இக்கையேட்டைச் சேர்த்துவைத்த வீடு அரிது.

இத்தொழில் வட்டாரத்துக்கே உரிய முரண் ஒன்றைச் சுட்டாமல் போவது ஆய்வறம் ஆகாது. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 2022 வரை கார் செய்தது. ஒரகடத்தில் ரெனோ, டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு ஆலைகள் இயங்குகின்றன. இத்தகைய ஆலைகளில் வேலை பார்ப்பவர், ரேடியேட்டரில் போர்த் தண்ணீர் ஊற்றலாகாது, கூலண்டே ஊற்றவேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எந்தப் போல்ட்டை எத்தனை நியூட்டன் மீட்டரில் முடுக்குவது என்பதும் அவருக்கு மனப்பாடம். அதே கை, வீட்டு ஹீட்டர் மக்கர் செய்தால், உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவதோடு ஆய்வை முடித்துக்கொள்கிறது. மூலத்தைத் திறவாமலே முடிவுக்கு வருவது இத்துறைக்கு மட்டும் உரியதன்று. சங்க நூலொன்றின் பதிப்புக்கு எழுதப்பட்ட முன்னுரையின் மதிப்புரையைப் படித்துவிட்டு முனைவர் பட்டம் பெறும் துறைகளிலும் அது காணக்கிடைக்கிறது. அங்கே ஷாக் அடிப்பதில்லை என்பதே வேறுபாடு.

4. கொள்ளளவுச் சிக்கல்

புதிது வாங்கப் போகும் எவரும் எதிர்கொள்ளும் முதல் வினா, பழையது 15 லிட்டரா 25 லிட்டரா என்பதாகும். ஹீட்டரின் பெயர்த்தகடு துருவேறி எழுத்திழந்த நிலையில், ஆய்வாளர் சார்புச் சான்றுகளையே நாடவேண்டியுள்ளது. உத்தரவாத அட்டை கொள்ளளவைப் பற்றி மௌனம் சாதிக்கிறது (பின்புறம், அடியிலிருந்து மூன்றாம் வரி, பூதக்கண்ணாடியின் துணையோடு). கடை ரசீது வெப்பத்தால் அச்சாகும் தாளில் ஆனது. வெப்பத்தாலேயே மங்கியும் போனது. ‘5’ மட்டும் தெளிவாகவும் அதன் முன்னெண் ஐயத்துக்கு இடமாகவும் நிற்கிறது (மங்கிய பிரதி, மடிப்புக்குக் கீழ், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்). ‘25’ என்ற பாடத்தை வலியுறுத்துவோர் காட்டும் சான்று, மளிகைக் கடை தினசரிக் காலண்டரின் தாளொன்றில் பென்சிலால் எழுதிய குறிப்பாகும் (பின்புறம், பால் கணக்குக்கு மேலே, ‘அதுவும் பால் கணக்கே’ என்பது மாமியார் உரை). ‘15’ என்ற பாடத்தினர் அதே தாளில் டீக்கறை படிந்த இடத்தை ஆதாரமாகக் கொள்வர் (கறைக்கு அடியில் இருந்திருக்கக்கூடியதாக மருமகன் ஊகிக்கும் எண், இவ்வூகத்தை மறுத்து மைத்துனர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு, பிற்பகுதி, பின்னணியில் மிக்ஸி ஓடுவதால் முக்கியமான சொல் கேட்கவில்லை, மிக்ஸியை ஓட்டியவர் யார் என்பது தனி ஆய்வுக்குரியது).

இச்சர்ச்சையை இயற்பியல் ஒரு காலைப்பொழுதில் தீர்த்திருக்கும். 2,000 வாட் ஹீட்டர், 28 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்ற, 15 லிட்டர் என்றால் சுமார் 17 நிமிடமும் 25 லிட்டர் என்றால் சுமார் 28 நிமிடமும் எடுக்கும். விளக்கு அணையும் வரை கடிகாரத்தைப் பார்த்தால் போதும். ஹீட்டர் உயிரோடு இருந்தபோது எவரும் பார்க்கவில்லை. தவிரவும், 60 டிகிரியில் உள்ள 15 லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் 40 டிகிரியில் 40 லிட்டர், அதாவது இரண்டு பெரிய வாளி, கிடைக்கும். வாளியில் மொண்டு குளிக்கும் வீட்டில், ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கப் பொறுமையிருந்தால், சிறியதே போதும். இந்த முடிவு இரு தரப்பையும் சமமாகப் புண்படுத்தியது.

5. மாற்றுகள்

கேஸ் கீசர்: காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் மாட்டினால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும், வேண்டா.

ராடு, அதாவது வாளியில் மூழ்கவைக்கும் கம்பி, 1,500 வாட்டில் ஒரு சிறிய வாளியைக் கால் மணி நேரத்துக்குள் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவரும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பின்னரே தண்ணீரைத் தொடவேண்டும் என்ற விதி எல்லாருக்கும் தெரியும். விரலை நனைத்துச் சூடு பார்க்கும் விதிவிலக்கும் எல்லாருக்கும் தெரியும்.

மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 3,000 வாட் இழுத்து, நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் அளவே வெந்நீர் தருவதால், சமையலறைக்கு ஏற்றது. ஹீட் பம்ப், காற்றிலுள்ள வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுக்கும் எந்திரம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் தரவல்லது. இதன் விலையைக் கேட்ட வீட்டார் அடுத்த மாற்றுக்குச் சென்றுவிட்டனர்.

சோலார் தனிவீட்டுக்குத் தகும். அடுக்ககத்தில், மொட்டை மாடி யாருக்குச் சொந்தம் என்ற வினா முதலில் எழுந்து, சங்கக் கூட்டத்தில் வளர்ந்து, சூரியன் மறைந்த பின்னும் தொடரும். மாடியிலிருந்து தரைத்தளம் வரை குழாயில் நிற்கும் ஆறிய நீர் முழுவதும் வெளியேறிய பின்னரே வெந்நீர் இறங்கும் என்பதையும், உப்புத் தண்ணீர் சோலார் குழாய்களையும் விட்டுவைப்பதில்லை என்பதையும் விற்பவர் முற்றும் மறப்பர்.

6. எச்சம்

முடிவில் வாங்கப்பட்டது 25 லிட்டர். காரணம், கடையில் அதுவே இருந்தது. பொருத்த வந்த மெக்கானிக்கிடம் பழையது எத்தனை லிட்டர் என்று வீட்டார் கேட்க, அவர் நிமிர்ந்தும் பாராமல், “அது எதுக்கு சார் இப்போ? ஆனோடை மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டிப் பாருங்க” என்றார். இக்கூற்றை இரு தரப்பினரும் தத்தம் கட்சிக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டனர்.

பழையது காயலான் கடைக்குச் சென்றது. அங்கே லிட்டர் கணக்கு செல்லாது. கிலோ கணக்கே செல்லும். எடைபோடுமுன் கடைக்காரர் தொட்டியைப் பிளந்து, வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்புக் கட்டிகளை ஒரு சுத்தியலால் தட்டி, ஒன்றுவிடாமல் தெருவில் கொட்டிவிடுகிறார். ஹீட்டரின் மரணத்துக்கான ஒரே முதன்மைச் சான்று இவ்வாறு ஆய்வுலகின் கைக்கு எட்டாமலே போய்விடுகிறது.