ஊர் மெச்சும் எதிர்ப்பு

தம்பி,

வாட்ஸ்அப்பில் அனுப்பிய கதைச் சுருக்கத்தைப் படித்தேன். கீழத்தெருப் பெண் ஒருத்தி, மேலத்தெரு வழியாகத் தினமும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காலேஜுக்குப் போகிறாள். ஒருநாள் காலில் போட்டுக்கொண்டு நடக்கிறாள். பன்னிரண்டு நிமிடம். படம் நன்றாகத்தான் வரும். பரிசுதான் வராது. ராஜபாளையம் வட்டாரத்தில் ‘சமத்துவம்’ என்று தலைப்பு வைத்து நடக்கும் குறும்படப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்து முதுகு வளைந்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

முதலில் செருப்பைத் தூக்கு. செருப்பு என்றதும் முன்வரிசையில் மூன்று பேர் நெளிவார்கள். அதில் ஒருவர் கோப்பைக்குக் காசு கொடுத்தவர், சாதிச் சங்கத்தின் பொருளாளர். கோப்பையின் அடியில் சங்கத்தின் பெயர் பொன்னெழுத்தில் மின்னும். ‘சமத்துவத்திற்கான முதல் பரிசு’, கீழே ‘அன்பளிப்பு: இன்ன சாதி உறவின்முறை’. இதை மேடையில் வாசிக்கும்போது யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. நீயும் சிரித்துவிடாதே.

பெண்ணுக்குப் பதில் ஒரு கிழவனைப் போடு. நடப்பதற்குப் பதில் இருமட்டும். கடைசி ஷாட்டில் மேலத்தெருக் குழந்தை ஒன்று அவனுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுக்கட்டும். குழந்தை கொடுத்தால் யார் மனமும் புண்படாது. பொருளாளர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். வீட்டுக்குப் போனதும், தோட்ட வேலைக்கு வருகிறவருக்கென்று ஜன்னல் மேல் தனியாக வைத்திருக்கும் டம்ளரில் டீ ஊற்றச் சொல்வார். இரண்டும் ஒரே மனிதர்தான். ஒரே கை.

ஊர்ப் பெயர் போடாதே, ஆண்டு அதைவிடப் போடாதே. 1995இல் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து வீடு வீடாக நொறுக்கியது. மாரி செல்வராஜ் 2021இல் ‘கர்ணன்’ எடுத்தபோது திரையில் அது பொடியங்குளம் ஆயிற்று. அதோடு விட்டார்களா? படத்தில் 1997 என்று வந்ததும் அது யாருடைய ஆட்சி, எந்தக் கட்சிக்குக் கெட்ட பெயர் என்று பெரிய கூச்சல். கடைசியில் ‘1990களின் பிற்பகுதி’ என்று மாற்றினார்கள். அப்போதும் சண்டை ஓயவில்லை. கிணற்றில் என்ன கலந்தார்கள், யாருடைய சான்றிதழைக் கிழித்தார்கள், அடிபட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்க ஆளில்லை. லத்தி எந்தக் கட்சியின் காலண்டரில் விழுந்தது என்பதுதான் தமிழ்நாட்டின் தலையாய கவலையாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் லொகேஷன் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறாய். கோபுரத்தை ஃபிரேமில் வைக்க ஆசை. வைக்கலாம், அழகான கோபுரம், பதினொரு நிலை, அரசு முத்திரையிலேயே இருக்கிறது. உன் சாதிச் சான்றிதழை எடுத்துப் பார், தலைப்பில் அந்த முத்திரைதான். உள்ளே இருக்கும் ஆண்டாளோ துளசிச் செடியின் கீழ் கண்டெடுக்கப்பட்ட குழந்தை. தாய் யார், தகப்பன் யார், ஒரு விவரமும் கிடையாது. இன்று அவள் தாலுகா ஆபீஸில் வரிசையில் நின்றால் ‘அப்பாவோட டிசி கொண்டு வாம்மா’ என்று திருப்பி அனுப்புவார்கள். சாமிக்குக் கட்டிய மாலையைத் தான் முதலில் சூடிப் பார்த்தவள் அவள். அந்த மீறலைத்தான் நாம் கும்பிடுகிறோம். அவள் சூடிய மாலை ஒவ்வொரு ஆண்டும் பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி போகிறது. இதே காரியத்தை இன்று ஒரு பெண் செய்து நீ படம் எடுத்தாயானால் உன் மேல் மத உணர்வைப் புண்படுத்தியதாக இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதில் வழக்குப் பதிவாகும். பழைய 295ஏதான், புதிய சட்டத்தில் நம்பர் மாறிவிட்டது, கவலைப்படாதே, வேலை மாறவில்லை.

2024 டிசம்பர் 15ஆம் தேதி அங்கே நடந்தது உனக்குத் தெரியும், நீயும் ஸ்டேட்டஸ் வைத்தவன்தானே. ‘திவ்ய பாசுரம்’ நிகழ்ச்சிக்கு வந்த இளையராஜா, ஜீயர்களோடு உள்ளே போனார். அர்த்த மண்டப வாசலில் நிற்கச் சொன்னார்கள். வாசலில் நின்றபடியே மரியாதையைப் பெற்றுக்கொண்டார். வீடியோ பரவியது. அர்ச்சகர்களும் ஜீயர்களும் தவிர வேறு யாரும் அர்த்த மண்டபத்துக்குள் போகும் வழக்கமில்லை என்று அறநிலையத் துறை விளக்கம் கொடுத்தது. நடக்காததை நடந்ததாகப் பரப்புகிறார்கள், சுயமரியாதையை விட்டுக்கொடுப்பவன் நானல்ல என்று மறுநாள் அவரே சொல்லிவிட்டார். ஆக, விதி எல்லாருக்கும் பொது. உள்ளே நிற்கும் தகுதி பிறப்பில் வருகிறதா படிப்பில் வருகிறதா என்ற வழக்கு மட்டும், 1970இல் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்துச் சட்டம் வந்த நாளிலிருந்து கோர்ட் படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. அதுவரை வெளியே நிற்பதில் நம் எல்லாருக்கும் பூரண சமத்துவம். போட்டித் தலைப்புக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனால் எடுக்காதே.

ஏன் என்றால் ஆண்டாளைப் பற்றி வாய் திறப்பது எப்படி என்று நம் ஊரே பாடம் நடத்தியிருக்கிறது. 2018 ஜனவரியில் ராஜபாளையத்தில்தான் வைரமுத்து பேசினார். ஒரு ஆய்வுக் கட்டுரையின் வரியை மேற்கோள் காட்டினார். உண்ணாவிரதம், வழக்கு, வருத்தம் தெரிவித்தல் எல்லாம் வரிசையாக வந்தன. எங்களுக்கும் சோடா பாட்டில் எறியத் தெரியும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயரே பேசினார். பேசியவர் கவிப்பேரரசு, கேட்டவர்கள் அழைப்பிதழோடு வந்தவர்கள். உனக்கு அழைப்பிதழும் கிடையாது, பட்டமும் கிடையாது.

ராஜபாளையம் நாயைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூய வெள்ளை, ரோஸ் மூக்கு, 2005இல் தபால்தலையே வந்தது. கலப்பு வரக்கூடாது, நிறம் கெடக்கூடாது என்று உள்ளுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து, இப்போது பல குட்டிகள் பிறவிச் செவிடாக விழுகின்றன. உன் படத்தின் வசனம் முன்வரிசைக்கு ஏன் கேட்கவில்லை என்று அன்றைக்கு நீ வந்து கேட்பாய். சவுண்ட் மிக்ஸிங் பையனைத் திட்டாதே.

சரி, போட்டி வேண்டாம், நாங்களே மண்டபம் பிடித்துத் திரையிடுகிறோம் என்பாய். திவ்யபாரதி 2017இல் ‘கக்கூஸ்’ எடுத்தார். மலம் அள்ள ஆளை வைக்கக் கூடாது என்று 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். இரண்டுக்கும் பிறகும் மனிதர்கள் குழிக்குள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் படம் அதை மூக்கைப் பொத்தவிடாமல் காட்டியது. ஊர் ஊராகத் திரையிட அனுமதி மறுத்தார்கள், அவர் யூடியூபில் ஏற்றினார். அந்த ஜூலையில் அவரைக் கைது செய்தார்கள். எதற்கு? விடுதி மாணவர் ஒருவர் பாம்பு கடித்து இறந்ததற்காக 2009இல் நடந்த போராட்டத்துக்கு! எட்டு வருடம் கோப்பில் தூங்கிய வழக்கு, படம் வந்ததும் விழித்துக்கொண்டது. குழிக்குள் ஆளை இறக்கியவர்களைத் தேடி இந்த வேகத்தில் ஒரு ஜீப்பும் கிளம்பியதில்லை. திரையிடத் தடுப்பதற்குக் காரணம் எப்போதும் சட்டம் ஒழுங்கு. 1920இல் ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பினத்தவர், வெள்ளைக் கும்பல் கறுப்பர்களைத் தூக்கிலிடுவதைப் படத்தில் காட்டியபோது, சிகாகோ தணிக்கைக்காரர்களும் கலவரம் வரும் என்றுதான் முதலில் தடுத்தார்கள். தூக்கிலிட்டபோது கலையாத அமைதி, அதைத் திரையில் காட்டினால் கலைந்துவிடுமாம். நம் காவல் ஆய்வாளருக்கு சிகாகோ தெரியாது. தெரியாமலேயே அதே வாக்கியத்தைச் சொல்கிறார்.

வெளிநாட்டுத் திரைப்பட விழாவுக்கு அனுப்பலாமே என்று உன் நண்பன் சொல்வான். அங்கே நம்மைப் போன்றவர்களின் அடையாளத்துக்கும் எதிர்ப்புக்கும் தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள், மரியாதையாகக் கூப்பிடுவார்கள். நம் மாவட்டம் மகாராஜபுரத்துக்காரர் லீனா மணிமேகலையை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பன்முகப் பண்பாடு பற்றிய பல்கலைக்கழகத் திட்டத்தில் ‘காளி’ எடுத்தார், டொரண்டோ ஆகா கான் அருங்காட்சியகத்தில் திரையிட்டார்கள். 2022 ஜூலையில் சுவரொட்டி வந்தது, அதில் காளி கையில் சிகரெட். நம் பக்கத்துக் கருப்பசாமிக்கு நாம் சுருட்டைப் பற்றவைத்தே கொடுக்கிறோம், அதற்கு எந்த ஸ்டேஷனிலும் புகார் இல்லை. இதற்கு டெல்லி, உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் என்று வழக்குகள். ஒட்டாவாவிலிருந்து இந்தியத் தூதரகம் ஒரு அறிக்கை விட்டதுதான் தாமதம், பன்முகப் பண்பாடு பெட்டியைக் கட்டிவிட்டது. அருங்காட்சியகம் வருந்தியது, பல்கலைக்கழகம் விலகியது. எதிர்ப்பைக் காட்சிக்கு வைக்க அழைத்தவர்கள், நிஜமான எதிர்ப்பு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கைதுக்குத் தடை கொடுக்கும்வரை அந்தப் பெண் தனியாகத்தான் நின்றார்.

இனி உன் பட்ஜெட். கேமரா வாடகை, லைட், பிரியாணி என்று நாற்பதாயிரம் போட்டிருக்கிறாய். வக்கீல் பீஸ் எங்கே? அதை முதல் வரியில் எழுது. அடுத்து, அந்தப் பெண்ணாக நடிக்கப் போகிறவள் யார் என்று பார். பேசாப்பட காலத்தில் ‘விகதகுமாரன்’ படத்தில் நாயர் பெண்ணாக நடித்ததற்காக, தலித் பெண்ணான பி.கே. ரோசியைத் திருவனந்தபுரத்திலிருந்தே விரட்டினார்கள். நாகர்கோவிலுக்கு ஓடிவந்து ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து முடித்தார். இன்று சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. அவர் முகம் இதுதான் என்று உறுதியாகக் காட்ட ஒரு போட்டோ மிஞ்சவில்லை. ஆகவே உன் கதாநாயகிக்கு வெளியூர் பஸ் செலவு, ஆறு மாத வீட்டு வாடகை, அவள் தம்பிக்கு வேறு பள்ளியில் சேரும் கட்டணம், அப்பாவுக்குத் தோட்ட வேலை போனால் அரிசிக் காசு, இதையெல்லாம் எழுதிக் கூட்டு. மீதி இருந்தால் கேமரா எடு.