பெர்லினில் எந்தப் பள்ளி?

கே: கணவருக்கு பெர்லினில் வேலை கிடைத்திருக்கிறது. மகளுக்கு ஒன்பது வயது, ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது. இன்டர்நேஷனல் ஸ்கூலா, அங்குள்ள அரசுப் பள்ளியா? (வாசகி, கோயம்புத்தூர்)

ப: எத்தனை வருஷம் இருக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டே வருஷத்தில் ஊர் திரும்புவதென்றால், செலவானாலும் ஆங்கில வழிப் பள்ளி சரி. அதற்கு மேல் என்றால் யோசிக்கவே வேண்டாம், அரசுப் பள்ளிதான். கல்விக் கட்டணம் கிடையாது. மொழி தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கென்றே 'வரவேற்பு வகுப்பு' வைத்து, ஜெர்மன் கற்றுக்கொடுத்து வழக்கமான வகுப்புக்கு அனுப்புகிறார்கள். ஆங்கிலமும் விடக் கூடாதென்றால், 1992 முதல் இருமொழியில் நடக்கும் அரசு 'ஐரோப்பா பள்ளி'களில் இடம் கேட்டுப் பாருங்கள்.

ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்போடு பிள்ளைகளைத் தரம் பார்த்து வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரித்துவிடுவார்கள். பெர்லினில் தொடக்கப் பள்ளியே ஆறாம் வகுப்பு வரை. உங்கள் மகள் மூச்சுவிட்டு மொழி பழக அந்த இரண்டு வருஷம் பெரிய வரம்.

வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கலாம் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம்; அங்கே பள்ளிக்குப் போவது கட்டாயம். நீங்களும் ஒரு ஜெர்மன் வகுப்பில் சேருங்கள். இல்லாவிட்டால், பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் சொல்லும் புகாரை மகள்தான் உங்களுக்கு மொழிபெயர்ப்பாள். எல்லாமே பாராட்டாக இருக்கும்!