கம்பிக் கோலமும் கணினி நிரலும்: கெங்கவல்லி வாசல் ஒன்றை முன்வைத்து

ஆய்வுக் களம், சேலம் மாவட்டத்தின் கிழக்கே சுவேத நதிக்கரையில் உள்ள கெங்கவல்லியில் ஒரு தெரு. காலம் மார்கழி, விடியல் 5 மணி. கருவிகள் கொட்டாங்குச்சி நிறையக் கோலமாவு, ஒரு லேப்டாப். ஆய்வாளர் போர்வைக்குள் திண்ணையில் இருந்தார்.

ஆய்வைத் தூண்டியவன் பக்கத்து வீட்டுப் பையன், இன்ஜினியரிங் கடைசி வருடம். ஜவ்வரிசி காயும் களத்தில் 8 இடங்களில் சூடு பார்க்க லேப்வியூவில் நிரல் எழுதியிருந்தான். ‘எழுதியிருந்தான்’ என்பது வழுவமைதி. 1986-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலிருந்து வெளிவந்த அந்த மொழியில் எழுத்து வேலை குறைவு. பெட்டி வைத்து, பெட்டிக்குப் பெட்டி கம்பி இழுக்க வேண்டும். இவன் 8 வெப்பமானிக்கு 8 லூப் போட்டான். ஒன்றைச் செய்து 7 முறை ஒட்ட ஒரு ராத்திரி. இடம் மாறிச் செருகிய ஒரு கம்பியைத் தேட மூன்று ராத்திரி.

மாவோடு வந்த அவன் அம்மாயி திரையை எட்டிப் பார்த்தார்.

“என்ன கண்ணு, கம்பிக் கோலமா? ஒண்ணும் சேரலியே.”

சேராத கம்பி கோலத்தில் குற்றம். நேர்ப்புள்ளியில் 3 வரிசைக்கு 5 புள்ளி வைத்து வழக்கமான பின்னல் போட்டால், ஒரே கம்பி எல்லாப் புள்ளியையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். 4 வரிசைக்கு 6 புள்ளி என்றால் 2 கம்பி. எத்தனை கம்பி என்பது அந்த இரண்டு எண்களின் மீ.பொ.வ. என்று கணக்கு சொல்கிறது. அம்மாயிக்கு மீ.பொ.வ. தெரியாது, 4-க்கு 6 வைத்தால் “ஒத்தக் கம்பியில முடியாது” என்பது மட்டும் தெரியும்.

இதையெல்லாம் நான்தான் முதலில் கண்டேன் என்று நிறுவ ஆசைதான். ஆனால் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலத்துக்கு அணி (array) இலக்கணம் வகுத்து 1974-இலேயே கட்டுரை வெளியிட்டுவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது திண்ணை.

அம்மாயி அடுத்து வாயால் சொன்ன நிரல் இது: “பதினஞ்சு புள்ளி, ஊடுபுள்ளி, எட்டு வரைக்கும்.” நடுவரிசையில் 15, இரு பக்கமும் 14, 13 என்று இறங்கி 8-இல் நிற்கும். ஆக 15 வரிசை, 169 புள்ளி. மொத்தம் எத்தனை என்று அவர் எண்ணியதே இல்லை. எங்கே நிறுத்துவது என்பதை வரிசையே சொல்லிவிடுகிறது.

லேப்வியூவிலும் இதே வழி உண்டு. 8 அளவுகளையும் ஓர் அணியாக்கி, ஒற்றை ஃபார் லூப்பின் விளிம்பில் கம்பியைச் செருகினால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அளவு தானே உள்ளே போகும். எத்தனை சுற்று என்று தனியே சொல்ல வேண்டாம். மறுவிளிம்பில் விடைகள் தாமாக அணியாகிக் கிடைக்கும். சுற்றுக்குச் சுற்று அணியை நீட்டிக்கொண்டு நினைவகத்தை வதைக்க வேண்டியதில்லை. பையன் 7 லூப்பை அழித்தான். திரையில் பாதிக்கு மேல் காலியானதில் அவனுக்கே பயம்; மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்களோ என்று கேட்டான்.

எதிர்ச்சான்று ஒன்றையும் மறைக்காமல் பதிவு செய்கிறேன். மூன்றாம் நாள் 13 வரிசை முடிந்ததும் அம்மாயிக்கு மாவு தீர்ந்தது. ஒரே லூப்புக்குள் இரண்டு அணிகள் இப்படிப் போனால், லேப்வியூ சின்ன அணியின் அளவுக்குச் சுற்றிவிட்டு ஒரு பிழைச் செய்திகூட இல்லாமல் நின்றுவிடும். புள்ளி வரிசை 15, மாவு 13 என்றால் விடையும் 13-தான்.

அம்மாயி நிற்கவில்லை. மதிலுக்கு மேல் கையை நீட்டி, “அரைக் கொட்டாங்குச்சி குடு, நாளைக்குத் தர்றேன்” என்றார். லேப்வியூவில் அடுத்த வீடு கிடையாது. மீதி 17 புள்ளியையும் வைத்துவிட்டு, நடுவில் சாணி உருண்டை பிடித்துப் பூசணிப்பூவைச் செருகினார்.