ஓடிப்போன ஹாரியும் ஒரு புரட்சியும்

பிரிட்டிஷ் மன்னர் ஜார்ஜ் தங்களை அடிமைகளாக நடத்துகிறார் என்று அமெரிக்கக் கனவான்கள் கொதித்துக்கொண்டிருந்த காலம். அந்தக் கொதிப்பை எழுதிய மேசையைத் தினமும் துடைத்தது யார் என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. மனிதர் எல்லாரும் சமம் என்று 1776இல் சாசனம் எழுதிய ஜெஃபர்சன், வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர்.

இந்த ஓட்டையைப் பயன்படுத்திக்கொண்டவர் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் கவர்னர் டன்மோர் பிரபு. கரையில் கால் வைக்க முடியாமல் கப்பலில் ஒண்டியிருந்தவர், 1775 நவம்பரில் ஓர் அறிவிப்பு விட்டார்: கலகக்காரர்களின் அடிமைகள் ராஜாவுக்காகத் துப்பாக்கி தூக்கினால் விடுதலை. ராஜ விசுவாசிகளின் அடிமைகள்? அவர்கள் வழக்கம்போல வேலையைப் பார்க்கலாம். டன்மோரிடமே அடிமைகள் இருந்தார்கள், பாருங்கள்! ஆனாலும் நூற்றுக்கணக்கானோர் ஓடிவந்தார்கள். அவர்களில் பலரைப் பெரியம்மை வாரிக்கொண்டு போனது.

புரட்சிப் படைத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டனின் குதிரை லாயத்தில் வேலை பார்த்த ஹாரி, ஆப்பிரிக்காவில் பிறந்தவர். 1771இல் ஒருமுறை ஓடிப் பிடிபட்டவர். 1776இல் மறுபடி ஓடினார், இம்முறை டன்மோரிடம். முதலாளி ஊரில் இல்லை. விடுதலை வாங்கும் வேலையாக வெளியே போயிருந்தார்.

அந்த முதலாளி தன் படையில் கறுப்பர்களைச் சேர்க்க முதலில் மறுத்தார். ஆள் பற்றாக்குறை வந்ததும் கொள்கை இளகியது. ஜேம்ஸ் என்ற அடிமை, பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் முகாமில் எடுபிடியாக நுழைந்து புரட்சிக்காரர்களுக்கு உளவு சொன்னார். (பின்னாளில் நம் பக்கம் வந்து திப்புவோடு மோதிய அதே கார்ன்வாலிஸ்தான்.) போரில் புரட்சிக்காரர்கள் ஜெயித்தார்கள், ஜேம்ஸ் எஜமான் வீட்டுக்கே திரும்பினார். போர்வீரனாகச் சண்டையிட்ட அடிமைக்குத்தான் சட்டம் விடுதலை தந்தது, உளவாளிக்கு இல்லையாம்! விடுதலைக்கு 1787 வரை காத்திருந்தார்.

1783 மே மாதம், தோற்ற பிரிட்டிஷ் தளபதி கார்ல்டனைச் சந்தித்த வாஷிங்டன் முதலில் எழுப்பிய விஷயம், ஓடிப்போன அடிமைகளைத் திருப்பித் தருவது. ஓடிவந்தவர்களுக்குக் கொடுத்த விடுதலை வாக்கை மீற முடியாது, சிலர் ஏற்கெனவே கப்பலேறிவிட்டார்கள் என்றார் கார்ல்டன். கிளம்பியவர்களைப் பேரேட்டில் பதிந்துகொண்டார்கள். சுமார் 3,000 பெயர்கள். அதில் ஹாரியும் உண்டு. எஜமானின் குடும்பப் பெயரையும் எடுத்துக்கொண்டு, ஹாரி வாஷிங்டனாகவே போனார்.

இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா குளிரில் சில வருடங்கள், 1792இல் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன். அங்கே குடியேற்றத்தை நடத்தி, நிலத்துக்கு வரி கேட்ட கம்பெனியை எதிர்த்து 1800இல் கிளம்பிய கலகத்தில் ஹாரியும் இருந்தார். வரியை எதிர்த்த முதலாளிக்கு ஜனாதிபதி நாற்காலி கிடைத்தது. ஹாரிக்கு நாடுகடத்தல்.