ஒரு செங்கல் பாக்கி

மரபுடைமைக்குப் பொறுப்பான உயர்திரு அதிகாரி அவர்களுக்கு,

சிங்கப்பூர், சிராங்கூன் சாலைவாசி ஒருவன் எழுதிக்கொள்வது.

பொருள்: என் அப்பா வாங்கிய ஒரு செங்கல்லைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக.

ஐயா, 1960களின் தொடக்கத்தில் ஃபோர்ட் கேனிங் மலையடிவாரத்தில் தேசிய அரங்கம் கட்டப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். ஒரு வெள்ளி கொடுத்தால் ஒரு செங்கல் உங்கள் கணக்கில். அப்பா தேக்கா சந்தையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர். அந்த ஒரு வெள்ளிக்கு வீட்டில் ஆயிரம் வேலை இருந்தது என்று அம்மா கடைசிவரை சொல்லிக்காட்டினார். இருந்தும் கொடுத்தார். ரசீதும் தொலைந்துவிட்டது, அரங்கமும் தொலைந்துவிட்டது, ஆகவே கணக்கு நேர் என்று தாங்கள் கோப்பை மூடிவிடக் கூடாதே என்றுதான் இந்தக் கடிதம்.

1963 ஆகஸ்ட் 8ஆம் தேதி அரங்கம் திறந்தது. 3,420 இருக்கைகள். முகப்பில் கொடியின் ஐந்து நட்சத்திரங்களுக்காக ஐந்து கூர்முனைகள், எதிரே பிறைக்காக ஒரு நீரூற்று. 150 டன் எஃகுக் கூரை மலைச்சரிவை நோக்கி அந்தரத்தில் நீண்டிருந்தது. பக்கச் சுவர் கிடையாது. சாரல் அடித்தால் ஓரத்து இருக்கைக்காரர்கள் நனைவார்கள். அவர்களும் ஒரு வெள்ளி கொடுத்தவர்களாயிற்றே, சொந்த வீடு ஒழுகினால் யாரிடம் போய்ப் புகார் செய்வது? 1966இல் முதல் தேசிய தினப் பேரணி உரையும் அங்கேதான் நடந்தது. தைப்பூசக் காவடி போய்ச் சேரும் டேங்க் ரோடு முருகன் கோவில் பக்கத்தில்தான். எங்கள் பேட்டைக்காரர்களுக்கு அந்த வழி கால் பழகிய வழி.

1984இல் கூரை ஆபத்து என்றார்கள். அந்தப் பக்கமாக மத்திய விரைவுச்சாலையும் வரவேண்டியிருந்தது. 1986இல் இடித்தாயிற்று. 23 வருடம். அப்பாவின் ராலே சைக்கிள் அதைவிட அதிக நாள் ஓடியது. பின்னர் அந்த இடம் வரலாற்றுத் தலம் என்று குறித்ததையும் அறிவேன். இருந்தபோது கட்டடம், இடித்தபின் வரலாறு! இந்த வரிசைமுறையைத் தங்களைவிடக் கச்சிதமாகக் கடைப்பிடிப்பவர் உலகில் இல்லை.

தங்களுக்குக் காப்பாற்றத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளை 1989இலேயே பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தீர்கள். சன்னல் பலகைக்கும் விதி உண்டு. விக்டோரியா அரங்கைப் பாருங்கள். 1862இல் நகர மண்டபமாக நின்றது. விக்டோரியா மகாராணி காலமானபின் 1905இல் பக்கத்திலேயே நினைவு மண்டபம், நடுவே 54 மீட்டர் மணிக்கூண்டு. 1992இல் தேசிய நினைவுச்சின்னம். 2010 முதல் நான்கு வருடம் மூடி, 15 கோடியே 80 லட்சம் வெள்ளியில் புதுப்பித்தீர்கள். பழைய நாற்காலிகளின் இரும்புச் சட்டங்களைக்கூட வீசாமல், ஒலி நன்றாகக் கேட்கவேண்டும் என்று சுவரில் பதித்தீர்கள். மெச்சத்தான் வேண்டும். அங்கே தமிழ் நாடகம் பார்த்துக் கைதட்டியவன்தான் நானும்.

அந்த நினைவு மண்டபமும் பொதுமக்களின் நன்கொடையில் எழுந்ததே. அப்பா அறுபது வருடம் முந்திப் பிறந்து, அதே ஒரு வெள்ளியை மகாராணிக்குக் கொடுத்திருந்தால் இன்று அவருடைய செங்கல்லுக்கு வெள்ளையடித்து இரவில் விளக்கும் போட்டிருப்பீர்கள். அவர் விவரம் தெரியாமல் சொந்த நாட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

ஸ்டாம்ஃபோர்டு சாலை தேசிய நூலகத்தின் செங்கற்களுக்கு இருந்த யோகம்கூட அப்பாவின் செங்கல்லுக்கு இல்லை. 1960இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தைச் சுரங்கச்சாலைக்காக 2004இல் மூடி இடித்தபோது, கொஞ்சம் செங்கல்லைப் பத்திரமாக எடுத்துப் போய் விக்டோரியா ஸ்திரீட் புது நூலகத்தில் ஒரு சுவராகக் கட்டிவைத்தீர்கள். வாசல் தூண்கள் இரண்டும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. வீடு போனபிறகும் வாசலை விட்டுவைத்த பெருந்தன்மை வேறு எந்த ஊரில் உண்டு?

ஆகவே என் கோரிக்கை பெரிதல்ல. அப்பாவின் செங்கல் எங்கே கிடந்தாலும், எந்தக் கடலைத் தூர்க்கப் போயிருந்தாலும், தேடித் தரவேண்டும். முடியாதென்றால் அடுத்து எந்தக் கட்டடம் வரலாறு ஆகப்போகிறது என்பதையாவது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெக்கன்சி சாலை ரெக்ஸ் திரையரங்கு 1946இல் திறந்தது. இடையில் என்னென்னவோ வேடம் கட்டி, 2009இல் தமிழ்ப் படங்களோடு திரும்பி வந்தது. அதன் ஜாதகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் படம் எடுத்தாவது வைத்துக்கொள்வோம்.

இரண்டும் ஆகாது என்றால் மூன்றாவது வழி: விரைவுச்சாலையில் வசூலாகும் ஈஆர்பி சாலைக் கட்டணத்தில், வண்டிக்கு ஒரு காசு வீதம், செங்கல் வாடகையாக எங்கள் குடும்பத்துக்குச் சேரவேண்டும். 1986 முதல் வட்டி கேட்கப்போவதில்லை. வங்கிக் கணக்கு எண்ணைத் தனியே இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வெள்ளிக்காரரின் மகன்,
தேக்கா