குழிக்கு ஒரு முத்திரை

ஞாயிறு விடிகாலை ஈசிஆரில் மாமல்லபுரம் நோக்கி எங்கள் சைக்கிள் படை கிளம்பும். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிப்பார். ஒட்டி வருகிறவருக்கு ஓசியில் பாதை. முன்னவருக்கு இன்னொரு கடமையும் உண்டு: குழி வந்தால் கைகாட்ட வேண்டும். நம் சாலையில் அதை ஒழுங்காகச் செய்தால் கை திரும்ப ஹேண்டில்பாருக்கு வராது. யாரோ பரதநாட்டியம் ஆடிக்கொண்டே போகிறார் என்றுதான் பஸ் டிரைவர் நினைப்பார்.

சக்கரங்கள் உரசினால் பெரும்பாலும் விழுவது பின்னால் வருபவர்தான். இது தெரிந்தும் எங்கள் அண்ணாச்சி ஒருவர் ஒரு சாண் இடைவெளியில் வாட்ஸப் பார்த்தபடி வருவார்.

ஹெல்மெட்டா? இருக்கிறதே, ஹேண்டில்பாரில் தொங்குகிறது. தலை கலைந்துவிட்டால் கோவளம் டீக்கடை செல்ஃபி என்னாவது?